இடப்பக்கச் சத்தம்

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றுதான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது. கல்முனைப் பெருவீதியிலிருந்து, செட்டிபாளையத்தில் கடற்பக்கமாக இறங்கும் தன்னுடைய ஒழுங்கைக்குள் உதயரூபன் காரை இடப்பக்கம் திருப்பினான். முன்சில்லுப் பக்கம் 'டொக்' என்றது. வெறும் பீப்பாயில் மண்வெட்டிப் பிடியால் தட்டினது மாதிரி. பக்கத்துச் சீற்றில் இருந்த வதனி ஒரு கையால் கதவுப் பிடியைப் பற்றினாள். மற்றக் கை தன்பாட்டில் இடுப்புக்குப் போனது.

உதயரூபன் ஹயருக்குக் கார் ஓடுகிறவன். ஊரில் பாதிக் கலியாணத்துக்கு மாப்பிள்ளை ஏறினது அவனுடைய காரில்தான். பிள்ளைத்தாச்சிகளை நோவோடு ஏற்றிப் போய், கைக்குழந்தையோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்களைக் கட்டுநாயக்கா எயார்போட்டில் இறக்கிவிட்டு, அழுகிற புருசன்மாரைத் தேற்றிக் கூட்டி வந்திருக்கிறான். பழைய ஜப்பான் கார். அதில் எந்த ஆணி எப்போது இளகும் என்று தனக்குத் தெரியும் என்பது அவன் நினைப்பு. வதனி சுகமில்லாமற் போன பிறகு ஹயரைக் குறைத்துக்கொண்டான். கார் அவளுக்காகவே முற்றத்தில் நின்றது.

முதலில் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டி மறுபடி முளைத்தது. முளைத்த முடி முன்னையதைவிடச் சுருளாக இருக்கிறது என்று ஒழுங்கைப் பெண்கள் பகிடி பண்ணும் அளவுக்குச் சுகப்பட்டும் வந்தாள். பிறகு இடுப்பில் நோவு. எலும்புக்குப் போய்விட்டது என்றார்கள். சத்தம் கேட்ட அன்றைக்குப் பெண் டொக்டர் உதயரூபனை மட்டும் உள்ளே கூப்பிட்டாள். இனி மருந்து ஏற்றி அவரை வருத்துவதில் பலனில்லை, வீட்டில் வைத்து நோகாமல் பாருங்கள், நோவுக்குப் பாணி மருந்து தருகிறோம் என்றாள். அவருக்கு எங்காவது போக விருப்பமிருந்தால், இருக்க முடிகிற நாட்களிலேயே கூட்டிக்கொண்டு போங்கள் என்றும் சொன்னாள். அந்தக் கடைசிப் பேச்சை அவன் வெளியே வரும்போது மறந்துவிட்டான். அல்லது மறந்ததாக வைத்துக்கொண்டான்.

மருந்தை மாற்றித் தந்திருக்கிறார்கள் என்று வதனியிடம் சொன்னான்.  கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வாவியில் தோணிக்காரன் ஒருவன் வீச்சுவலையை உதறிக்கொண்டிருந்ததைத் தலைதிருப்பிப் பார்த்தாள். காத்தான்குடிச் சனநெரிசலைத் தாண்டி ஆரையம்பதிக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"மாங்கேணிக்கு ஒருக்காப் போகோணும்."

 மாங்கேணி என்ற பெயரே அந்த வீட்டில் பேசப்படாமல் இருந்த பெயர்.

மாங்கேணியில் இருப்பது வதனியின் அக்கா சின்னத்தங்கம். தகப்பன் இல்லாத வீட்டில், தாய் கூலிவேலைக்குப் போய்விட, வதனியைத் தூக்கித் திரிந்து வளர்த்தவள். சின்னத்தங்கத்தின் மகள் ஏ.எல். படிக்க வந்து வதனி வீட்டில்தான் தங்கினாள். உதயரூபனுக்கும் வதனிக்கும் பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளை இருந்த காலம் வீடு வீடாக இருந்தது. ஒருநாள் அது கிரானில் இருந்து வந்த பெடியன் ஒருவனோடு போய்விட்டது. அடுத்த மாதம் வதனியின் தாய் செத்துப்போக, அக்காளும் தங்கையும் செத்தவீட்டில் சந்தித்தார்கள். ஊர்ச்சனம் கூடியிருந்த பந்தலில் வைத்துச் சின்னத்தங்கம் ஒரு சொல் சொன்னாள். "பெத்தவளுக்குத்தானே தெரியும் புள்ளைட அருமை." அவ்வளவுதான். வதனி பிணத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து காரில் ஏறினாள். ஓடிப்போன பெண் இப்போது திருகோணமலையில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக வாழ்கிறது, தாயிடம் வந்து போகிறது. அக்காளும் தங்கையும் மட்டும் பேசவில்லை.

கூப்பிட்டால் சின்னத்தங்கம் வருவாள், நான் கோல் எடுக்கிறேன் என்றான் உதயரூபன். வதனி தலையை அசைத்தாள்.

"கூப்பிட்டா, மன்னிப்புக் கேக்கக் கூப்பிட்ட எண்டு நினைப்பா. அந்தச் சொல்லு எனக்கில்ல, அவக்குத்தான் பாரம். நான் அத எப்பவோ மறந்திட்டன் எண்டு அவட வாசல்ல போய் நிண்டு சொல்லோணும். நான் போனாத்தான் அது சரி."

சரி, ஞாயிற்றுக்கிழமை போவோம் என்றான். அதற்குப் பிறகுதான் அந்த ஒழுங்கைத் திருப்பமும் அந்தச் சத்தமும்.

மறுநாள் ஆரையம்பதி எல்லையில் இருக்கும் இஷாமின் கராஜுக்குக் காரைக் கொண்டுபோனான். வதனியும் கூட வந்தாள். வீட்டுக்குள் படுத்துக் கிடப்பதைவிடக் காற்றுப் படட்டும் என்றாள். இஷாம் காத்தான்குடிக்காரன். சவூதியில் பெரிய கராஜ் ஒன்றில் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்து தனியாகப் போட்டவன். வீடும் கராஜும் ஒரே வளவு. அவன் மனைவி ஸாதியா வந்து வதனியைக் கைத்தாங்கலாக இறக்கி, விறாந்தையில் தலையணை வைத்த கதிரையில் இருத்தி, இஞ்சி போட்ட பிளேன்ரீ கொடுத்தாள்.

"நேரா ஓடக்குள்ளயும் வருதா அண்ணன், கிறுகக்குள்ள மட்டுமா?" என்று இஷாம் கேட்டான். கிறுகுவது என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் திரும்புவது, கிறுக்கம் திருப்பம்.

"கிறுகக்குள்ளதான். இடப்பக்கம்."

குழியில் விழும்போது வருமா, பிரேக் பிடிக்கும்போது வருமா, மெதுவாகப் போகும்போதா வேகத்திலா என்று இஷாம் ஒவ்வொன்றாகக் கேட்டான். ஆஸ்பத்திரியில் வதனியிடம் கேட்ட கேள்விகளும் இப்படித்தான் இருந்தன. நடக்கும்போதா, படுக்கும்போதா, புரளும்போதா என்று. உதயரூபன் அங்கே பதில் தெரியாமல் நின்றவன். இங்கே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான்.

இஷாம் காரை நிறுத்தி வைத்து ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தான். தனியாக ஓட்டிக்கொண்டு தாழங்குடா வரை போய் வந்தான். ஒரு சத்தமும் இல்லை என்றான். பிறகு ஜக் அடித்துத் தூக்கி, சில்லைக் கழற்றி, கீழே படுத்துப் பார்த்தான். இடப்பக்க ஸ்டெபிலைசர் லிங்க் என்ற இணைப்புக் கம்பி தளர்ந்து ஆடியது. இதுதான், வேறொன்றுமில்லை என்று புதியதைப் போட்டான். ஸாதியா வதனிக்குப் பகல் சோற்றையும் கொடுத்து, எப்போதாவது சும்மா வந்து இருங்க என்று சொல்லி அனுப்பினாள்.

வரும் வழியெல்லாம் கார் பேசாமல் வந்தது. செட்டிபாளையம் ஒழுங்கையில் திருப்பியதும் 'டொக்' என்றது.

உதயரூபன் வதனியின் முகத்தைத் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

அடுத்தமுறை அவன் தனியாகப் போனான். இஷாமுக்கு ஒரு யோசனை தோன்றியது. தான் தனியே ஓட்டும்போது வராதது, இடப்பக்கச் சீற்றில் ஆள் இருந்தால் வருகிறதோ என்று. ஸ்பிறிங்கில் பாரம் ஏறினால்தான் சில சத்தம் வாய் திறக்கும் என்றான். உதயரூபனை அங்கே ஏற்றிக்கொண்டு ஓட்டினான்.

அத்தனை வருடத்தில் உதயரூபன் தன் காரின் அந்தச் சீற்றில் இருந்ததே இல்லை. ஆரையம்பதிக் கோயில் மதிலோரம் இஷாம் மெதுவாக இடப்பக்கம் திருப்பினான். டொக். காதில் கேட்பதற்கு முன் அது உடம்பில் ஏறியது. காலடித் தகட்டில் தொடங்கி, தொடை வழியாக இடுப்பு எலும்பில் வந்து முட்டியது. சுகதேகியான அவனுக்கு அது ஒரு சின்ன உதைதான். அவன் வதனியின் இடுப்பை நினைத்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வழியில் இருக்கிற திருப்பங்களை எல்லாம் நினைத்தான்.

"இதோட அவளைக் கொண்டு போகேலா" என்றான்.

இரண்டாம் முறை இஷாம் கண்டுபிடித்தது வேறொன்று. சில்லைத் தாங்கும் கீழ்ப்பக்க உருண்டை மூட்டு, போல்ஜொயின்ட், தேய்ந்து, கம்பியால் நெம்பினால் அசைந்தது. இது சத்தம் மட்டுமல்ல, கழன்றால் சில்லே மடங்கிவிடும் என்று சொல்லி அதையும் மாற்றினான். பழையதைக் கையில் வைத்து ஆட்டிக் காட்டினான். உதயரூபன் அதை வாங்கிப் பார்த்தபோது நெஞ்சு குளிர்ந்தது. அப்படியென்றால் காரணம் உண்மையாகவே இருந்திருக்கிறது, தான் வீணாக மினைக்கெடவில்லை. அந்த ஞாயிறு அதனால் தவறியது.

ஆனால் சத்தம் போகவில்லை. கொஞ்சம் சன்னமாக, மேலே இருந்து வந்தது. இஷாம் உதயரூபனை ஸ்டீரிங் பிடிக்கச் சொல்லிவிட்டு, சில்லுக்கு மேலாகக் கையை விட்டு ஸ்பிறிங்கைப் பிடித்துக்கொண்டான். திருப்பும்போது ஸ்பிறிங் இறுகி, இறுகி, ஓரிடத்தில் துள்ளி விட்டது. கையை எடுத்துத் துடைத்துக்கொண்டு சொன்னான்: ஷொக் அப்சோபர் மேலே போய் உட்காருகிற மவுண்டில் ஒரு பெயாரிங் இருக்கிறது, அது இறுகிவிட்டது, சுழல வேண்டிய இடத்தில் சுழலாமல் பிடித்திழுக்கிறது. இந்தப் பழைய மொடலுக்கு அது இங்கே இல்லை, கொழும்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

"ஆனா அண்ணன், இதில ஆபத்தில்ல. இந்தச் சத்தத்தோட நீங்க திருகோணமலைக்கும் போய் வரலாம். மாங்கேணிக்கெண்டுதானே சொன்னீங்க. நாளைக்கே போங்க. சாமான் வந்த பிறகு போடுவம்."

"அவளுக்கு நோகும்."

"மெதுவா கிறுகுங்க. அங்க போகுமட்டும் எத்தின கிறுக்கம் வரப்போகுது? ஏலாட்டி என்ட வேனக் கொண்டு போங்க."

வேனில் அவளுக்குக் கால்தூக்கி ஏற முடியாது என்றான் உதயரூபன். சாமான் வரட்டும் என்றான். இஷாம் கொழும்புக்குக் கோல் எடுத்தான்.

புரட்டாதி வெயில் அந்த வருடம் பொல்லாததாக இருந்தது. கச்சான் காற்று ஓய்ந்தும் ஓயாமல் மேற்கே வாவிப்பக்கமிருந்து அடித்து, முற்றத்து மணலைச் சுவரோரம் கூட்டியது. வாவிக்கு அப்பால் படுவான்கரையில் வயல்வட்டைகளை உழுது போட்டுவிட்டு மழைக்குப் பார்த்திருந்தார்கள். காலையில் உதயரூபன் வாவிக்கரைக்குப் போய்த் தோணி வரும்வரை காத்திருந்து செல்வன் என்ற மீனை வாங்கி வருவான். அவனே வெட்டிக் கழுவி, வதனி கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்லப் பால்விட்டுக் காய்ச்சுவான். புளியைப் பிந்தி விடுங்க, பச்சைமிளகாயக் கீறிப் போடுங்க என்று குசினிக்குக் கேட்கும்படி சொல்லுவாள். தின்பது ஒரு கவளம்தான். பாணி மருந்தின் அளவு கூடிக்கொண்டு வந்தது. அவன் கராஜுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு ஆச்சிப்பிள்ளை பாதி தைத்த சட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, கட்டிலடியில் இருந்து கைத்தையல் போட்டபடி வதனிக்குத் துணையிருப்பாள்.

ஒரு பின்னேரம் வதனி எழுந்து, ஆச்சிப்பிள்ளையின் உதவியோடு ஒரு பச்சைப் புடவை உடுத்து, கட்டிலில் கால்தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள். உதயரூபன் வந்ததும் சொன்னாள்.

"வாங்க போவம். இப்ப போனா இருட்ட முதல் போயிரலாம்."

"சாமான் வியாழக்கிழமை வருதாம். போட்டுட்டு, வெள்ளிக்கிழமை போவம்."

"இஞ்சாருங்க. அந்தச் சத்தம் எனக்கு நோகல்ல."

"நான் அந்தச் சீற்றில இருந்து பாத்தனான் வதனி. எனக்குத் தெரியும்."

"நோகல்லயெண்டு சொல்றன். ஒவ்வொரு கிறுக்கத்திலயும் நீங்க என்ட முகத்தத் திரும்பிப் பாக்கிறீங்களே, அதுதான் நோகுது."

அவன் கார்ச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான். பிறகு, இவ்வளவு நாள் இருந்துவிட்டோம், இன்னும் நாலு நாள்தானே என்றான். அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். சரியென்று தலையாட்டினாள். அவன் வெளியே போன பிறகு, புடவையை அவிழ்க்க உதவிய ஆச்சிப்பிள்ளையிடம் அவள் சொன்னது அவனுக்குப் பிறகுதான் தெரிய வந்தது. "காரையாவது திருத்தட்டும், ஆச்சிப்பிள்ளை. அவருக்கும் ஏதாவது ஒண்டு சுகப்படோணும்தானே."

வியாழக்கிழமை சாமான் வந்தது. வலப்பக்கத்துக்குரியது. இஷாம் வாய்விட்டுச் சபித்துக்கொண்டு திருப்பி அனுப்பினான். அடுத்த கிழமை பௌர்ணமிப் போயா லீவு வந்து இழுபட்டது. இந்த இடைவெளியில் இஷாம் ஒருநாள் மோட்டார்சைக்கிளில் வீட்டுக்கே வந்தான். ஸாதியா கொடுத்துவிட்ட ஈச்சம்பழத்தை வதனியிடம் கொடுத்தான். அவளைக் கண்டதும் அவன் முகம் மாறிவிட்டது. போகும்போது கேற்றடியில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அண்ணன், கோவிக்காதீங்க. காருக்கு ஒண்டுமில்ல. நீங்க அவங்களக் கூட்டிட்டுப் போங்க. இண்டைக்கே போங்க."

உதயரூபனுக்குக் கோபம் வந்தது. உனக்குத் திருத்தத் தெரியாவிட்டால் சொல்லு, வேறு இடம் பார்க்கிறேன் என்றான். இஷாம் வண்டியை உதைத்துக் கிளம்பிப் போனான்.

சரியான பெயாரிங் வந்த அன்று வானம் வடகிழக்கில் கறுத்திருந்தது. இஷாம் பழைய மனஸ்தாபம் எதையும் காட்டாமல் காலையிலேயே வேலையைத் தொடங்கினான். ஷொக் அப்சோபரை ஸ்பிறிங்கோடு முழுதாகக் கழற்றி எடுத்து, இரண்டு பக்கமும் கொளுக்கி மாட்டி, திருகித் திருகி ஸ்பிறிங்கை அமுக்கினான். அது அமுங்கும்போது யாரும் நேரே நிற்கக்கூடாது, விட்டால் ஆளைக் கொல்லும் என்று உதயரூபனைத் தள்ளி நிற்கச் சொன்னான். மேல் நட்டைக் கழற்றிப் பெயாரிங்கை எடுத்தான். கடற்கரை மண்ணும் உப்பும் துருவும் சேர்ந்து இறுகிப்போன ஒரு வளையம். விரலால் சுழற்றினான். சுழலவில்லை, கறகறவென்று ஓரிடத்தில் நின்றது. உதயரூபன் அதை வாங்கித் தானும் சுழற்றிப் பார்த்தான்.

மாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். இஷாம் ஓட்ட, உதயரூபன் இடப்பக்கம் இருந்தான். கோயில் மதிலோரம் திரும்பினார்கள். சந்தையடியில் திரும்பினார்கள். குறுகலான ஒழுங்கைகளுக்குள் புகுந்து வேண்டுமென்றே திரும்பினார்கள். கார் தண்ணீரில் போகிற தோணி மாதிரிப் போனது. உதயரூபன் இஷாமின் கையைப் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு அப்படிச் சொன்னதை மனதில் வைக்காதே தம்பி என்றான்.

வீட்டுக்கு வந்து கார்க் கதவைத் திறந்து வைத்துவிட்டே உள்ளே போனான். ஆச்சிப்பிள்ளை வாசலுக்கு வந்தாள். தையல் கையில் இல்லை. பகலிலிருந்து வதனியை எழுப்பி இருத்த முடியவில்லை என்றாள். இருத்தினால் நோவில் சத்தமே வராமல் வாயைத் திறக்கிறாள், தண்ணீர் கடைவாயால் வழிகிறது, உங்களுக்கு எத்தனை தரம் கோல் எடுத்தேன் என்றாள். போன் காரின் பின்சீற்றில் கிடந்தது. அவன் கட்டிலடியில் போய் முழந்தாளிட்டு, கார் சரியாகிவிட்டது, நாளைக்கு விடியப் போவோம் என்றான். வதனி அவனைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். உதடு வறண்டு பல்லில் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்து பார்த்த நேர்ஸ் பிள்ளை, இனி அசைக்க வேண்டாம், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றாள். உதயரூபன் வதனியின் காதில் குனிந்து, அக்காவை நான் போய்க் கூட்டிவரட்டுமா என்று கேட்டான். அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

போனில் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நேரே போனான். ஏறாவூர், செங்கலடி, ஓட்டமாவடிப் பாலம் எல்லாம் கடந்து திருகோணமலை ரோட்டில் விழுந்தான். கார் எந்தத் திருப்பத்திலும் ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. அந்தச் சத்தமில்லாத ஓட்டத்தை அவனால் தாங்க முடியவில்லை. கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, காற்று இரைய ஓட்டினான்.

மாங்கேணிக் கடற்கரை வாடியில், கருவாட்டுக்கு மீன் கீறும் பெண்களோடு சின்னத்தங்கம் இருந்தாள். சாறனுக்கு மேல் பழைய சட்டை, முழங்கை வரை செதிலும் உப்பும். காரைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தாள். இறங்கினது உதயரூபன் மட்டும்தான் என்று கண்டதும் எழுந்து நின்றாள். அவன் எல்லாவற்றையும் மணலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். எப்போது தொடங்கியது, எங்கே பரவியது, டொக்டர் என்ன சொன்னாள், அவள் இங்கே வரக் கேட்டது, கார், சாமான், கொழும்பு.

சின்னத்தங்கம் கடைசிவரை கேட்டாள்.

"நான் பஸ்ஸில வந்திரிப்பனே, மச்சான்" என்றாள். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அண்டைக்கே பஸ்ஸில வந்திரிப்பன்."

"அவதான் கூப்பிட வேணாமெண்டவ. தானே வந்து உங்களிட்டச் சொல்லோணுமெண்டு."

"என்னத்தச் சொல்ல?"

அதை அவள் வாயால் கேளுங்கள் என்றான். இன்னும் கேட்க முடியும் என்று அப்போதும் நம்பினான். சின்னத்தங்கம் கடல்தண்ணீரில் கையைக் கழுவி, வீட்டுக்குப் போய் ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.  தங்கச்சிக்குச் சுகமில்லை என்று ஒரு கதை காதில் விழுந்ததாகவும், போனால் வாசலில் நிறுத்திவிடுவாளோ என்று பயந்திருந்ததாகவும் செங்கலடியில் ஒருமுறை சொன்னாள். கல்லடிப் பாலத்தில் மழை பிடித்துக்கொண்டது.

அவர்கள் வந்தபோது வதனிக்கு நினைவிருந்தது. குரல்தான் இல்லை. அக்காவைக் கண்டதும் அவளுடைய கண் பெரிதாகத் திறந்தது. நெஞ்சு ஏறி இறங்க, வாயைத் திறந்து திறந்து மூடினாள். சின்னத்தங்கம் கட்டிலில் ஏறி இருந்து, அவள் தலையை எடுத்து மடியில் வைத்தாள். மீன்கவுச்சி போகாத விரலால் அந்தச் சுருள்முடியைக் கோதினாள். வதனியின் வாய் இன்னும் அசைந்துகொண்டே இருந்தது. உதயரூபனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"அம்மாட செத்தவீட்டில நீங்க சொன்னதத்தான் மச்சாள்" என்றான். "அத எப்பவோ மறந்திட்டன் எண்டு உங்கட வாசல்ல வந்து சொல்லத்தான் இருந்தவ."

சின்னத்தங்கம் அவனைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காதை வதனியின் வாயோடு வைத்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, வதனியின் கண்ணைப் பார்த்து, "ஓம் கா தங்கச்சி. கேட்டுட்டன். எனக்கு எல்லாம் கேட்டுட்டுது" என்று தலையாட்டினாள். வதனியின் வாய் அசைவது நின்றது. நெற்றியில் சுருக்கம் கரைந்து, முகம் ஒரு பக்கமாகச் சரிந்தது. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தார்கள். அடுத்த நாள் விடியும்போது மழை விட்டிருந்தது. மூச்சும் அடங்கியிருந்தது.

செத்தவீட்டுக்கு இஷாமும் ஸாதியாவும் வந்தார்கள். இஷாம் கேற்றடியில் காரின் பக்கத்தில் நின்றுவிட்டான். உள்ளே வர அவனுக்கு மனம் ஒப்பவில்லை. ஸாதியா மட்டும் உள்ளே வந்து பெண்களோடு இருந்து அழுதாள். உதயரூபன் அழவில்லை. வருகிறவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டான், பந்தலில் தேங்கிய மழைத்தண்ணீரைத் தடியால் தட்டிவிட்டான், சுடலையில் செய்யச் சொன்னதை எல்லாம் செய்தான்.

சின்னத்தங்கம் எட்டாம் நாள் காரியம் முடியும்வரை தங்கினாள். அன்று பகல் படைத்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிறகு, இரண்டு பேரும் விறாந்தையில் தனியே இருந்தார்கள். வெயில் எறித்துக்கொண்டே தூறியது. அவன் அந்த எட்டு நாளும் நெஞ்சில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டான்.

"கடைசியில அவ என்ன சொன்னவ, மச்சாள்?"

சின்னத்தங்கம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"ஒண்டுஞ் சொல்லல்ல" என்றாள். "மூச்சு மட்டுந்தான் வந்த. எனக்கு ஒண்டும் கேக்கல்ல. கேட்டதெண்டு சொன்னாத்தானே அவ ஆறுவா."

உதயரூபன் சுவரில் சாய்ந்தான். இந்த ஒரு இடத்திலாவது அவள் தனக்குப் பொய் சொல்லியிருக்கலாம் என்று நினைத்தான். பிறகு அவள் பொய் சொல்லாமல் விட்டதும் நல்லதென்று தோன்றியது. வதனியும் பொய் சொல்லியிருக்கமாட்டாள்.

"நான்தான் பிந்தினன்" என்றான். "கார்ல பிழையில்ல. என்னிலதான் பிழை. அவளுக்கு நோகப்படாதெண்டுதான் நினைச்சன். நினைச்சு நினைச்சு..."

"நீங்க கொஞ்ச நாள் பிந்தினீங்க. நான் எத்தின வருசம்" என்றாள் சின்னத்தங்கம்.

ஒழுங்கையால் யாரோ சைக்கிளில் மீன் கூவிக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் தூரப்போனதும் அவள் சொன்னாள்.

"எனக்கு அவட இந்த வருசங்கள் ஒண்டும் தெரியா, மச்சான். என்ன சாப்பிட்டா, என்னத்துக்குச் சிரிச்சா, ஒண்டும் தெரியா. நீங்கதான் சொல்லோணும்."

உதயரூபன் யோசித்தான். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. நோய்க்கு முந்தியதா, பிந்தியதா. பெரிய காரியமாக எதுவும் வாயில் வரவில்லை.

"நித்திரையில காலாட்டிக்கொண்டே கிடப்பா" என்றான். "வருத்தத்திலயும் அப்பிடித்தான்."

"அது சின்னனில இருந்தே" என்றாள் சின்னத்தங்கம். "ஒரு பாயிலதான் நாங்க ரெண்டு பேரும். இரவு முழுக்க என்ட கால்ல வந்து படும். நான் ஏசுவன்."

  இரண்டு பேரும் முற்றத்தைப் பார்த்தபடி இருந்தார்கள். உதயரூபன் முகத்தைப் பொத்திக்கொள்ளாமல், கதிரைக் கையைப் பிடித்தபடி, அப்போதுதான் அழத் தொடங்கினான்.